பிரிக்பீல்ட்ஸ் மறைசுரங்கம்: ஒரு நூற்பாவும் உரையும்

வழியிடை மறைப்பது சுரங்கம், அதன்இரு
வாயினும் மறைப்பது மாந்தர் கடனே.

இஃது என் கூறிற்றோ எனின், பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் பொதுக் கோப்புகளை, கிள்ளானில் வீட்டிலிருந்தே ஒரு கிராணி திறக்குமாறு கூறிற்று. நூற்பா யாத்தவனும் உரை எழுதுபவனும் ஒருவனே. ஆகையால் பாடபேதம் இல்லை.

கோலாலம்பூர்க்காரர்க்குச் சுரங்கம் என்றதும் 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கமே நினைவுக்கு வரும். 9.7 கிலோமீட்டர் நீளம். பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை உள்ளே விடுவார்கள். ஈண்டுச் சொன்னது அதுவன்று, விபிஎன் எனப்படும் மறைசுரங்கம். கிராணியின் மடிக்கணினி தான் அனுப்புவதையெல்லாம் மறையீடு செய்து இணையத்தில் விட, அலுவலக ரூட்டர் அதை அவிழ்த்து உள்ளே சேர்ப்பிக்கும். கோப்புகளை வைத்திருக்கும் சர்வரோ, கேட்பவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதாகவே எண்ணும். கிராணி மாமாக் கடைக்குப் போய்த் திறந்தாலும், அங்கே வைஃபையில் ஒட்டுக் கேட்பவனுக்கு, எந்த முகவரி எந்த முகவரியோடு எவ்வளவு நேரம் பேசியது என்பது தெரியும். எந்த நகைக்கடை எவ்வளவு வரி கட்டுகிறது என்பது தெரியாது.

அற்றேல், கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் எண் வாசலை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டால் என்னை எனின், ஆகாது. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் பணயநிரல் உலகைச் சுற்றியது அவ்வாசல் வழியேதான். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே தந்திருந்தும், "அப்புறம் பார்க்கலாம்லா" என்றோர் எல்லா நாட்டிலும் இருந்தனர்.

இத்தகைய மறையீட்டின் முன்னோர் வரலாறு சுருங்கக் கூறுதும். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதைக் கண்டு, டாட்டு யூலோனென் 1995இல், தொலைக்கணினி இணைப்பை மறையீடு செய்யும் எஸ்எஸ்எச் எழுதினார். இளையோர் போற்றும் வயர்கார்டு என்னும் சுரங்க மென்பொருள் இடம்பெற்ற லினக்ஸ் 5.6 வெளியானது 2020 மார்ச் 29. மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது அதே மார்ச் 18. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆயினும் ஆய்வுக் கட்டுரை என்றால் இரண்டு தேதிகளாவது அருகருகே நிற்க வேண்டும்.

இனி, 'இருவாய்' ஆராயப்படும். அலுவலக வாய் என்பது ரூட்டர். மாலையில் கூட்ட வரும் அக்கா, மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று அதன் சுவிட்சை அணைத்தால், எத்தனை பிட் மறையீடும் அங்கே செல்லாது. வீட்டு வாயின் இயல்பு, தொழில் வருமானத்துக்கான பாரம் பி-யின் கடைசி நாளாகிய ஜூன் 30 நெருங்கும்போது, கிராணி அழைக்கையில் விளங்கும்.

"அண்ணே, எக்செல் திறக்கமாட்டேங்குது. யூசர் திறந்து வச்சிருக்காருன்னு வருது."

"எந்த யூசர்?"

"எல்லாருமே யூசர்தானே, அண்ணே."

கணினிகளை அமைத்துத் தந்த தம்பி, வேலை மிச்சம் என்று அத்தனைக்கும் அந்த ஒரே பெயரைச் சூட்டியிருந்தார். எனவே அறிஞரிடையே மூன்று கொள்கைகள் எழுந்தன. அலுவலகத்தில் யாரோ கோப்பை மூடாமல் பசியாறப் போனார் என்பர் ஒரு சாரார். முதலாளியே தம் மேசையில் திறந்துவைத்துவிட்டு ஜாலான் ஸ்காட் கந்தசாமி கோயிலுக்குப் புறப்பட்டார் என்பர் வேறொரு சாரார்; இதை உரக்கச் சொல்வதில்லை. மூன்றாவது, சுரங்கம் நடுவில் அறுந்ததால் பழைய இணைப்பின் பூட்டு சர்வரில் இன்னும் தொங்குகிறது, பூட்டியவரும் புலம்புபவரும் ஒருவரே என்பது. இதுவே பெரும்பாலும் பொருந்துகிறது. முதலிரு சாரார் இதை ஏலார்; ஏற்றால் திட்டுவதற்கு ஆள் இல்லாமற்போகும்.

பூட்டு விடுபடும்வரை பொறுப்பார் இல்லை. கோப்பின் நகல் ஒன்று வாட்சாப் குழுவில் வந்து விழும். வாட்சாப்பும் முனைக்கு முனை மறையீடு உடைத்தாகலின் குற்றம் என்னை எனின், வழியிடைக் குற்றம் இல்லை, வாயிலேதான் குற்றம். சர்வரில் மட்டும் கிடந்த வாடிக்கையாளர் கணக்கு, இப்போது குழுவில் உள்ள அத்தனை கைப்பேசிகளிலும் கிடக்கிறது. அவற்றுள் ஒன்று, பேரன் விளையாடுவதற்கென்று பூட்டில்லாமல் விட்டது.

இதை எடுத்துச் சொன்னதும் முதலாளி பதறி, "அழிச்சிட்டேன்லா" என்று குழுவிலேயே அறிவித்தார். அவர் அழுத்தியது 'எனக்கு மட்டும்' என்னும் பொத்தான்.