பிடுங்காத பல்

‘தில்லு முல்லு’வை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். 1981ல் பாலசந்தர் எடுத்தது. மூலம் இந்தி ‘கோல்மால்’ என்றாலும் விசுவின் வசனத்தில் அசல் மெட்ராஸ் ஆபீஸாகவே ஆகிவிட்டது. பொய் சொல்லி லீவு வாங்கி ஃபுட்பால் மேட்ச்சுக்குப் போன ரஜினியை, முதலாளி தேங்காய் சீனிவாசன் மைதானத்திலேயே பார்த்துவிடுவார். ‘அது மீசையில்லாத என் தம்பி’ என்று ஒரு போடு போடுவார் ரஜினி. அதோடு ஒட்டுமீசை ஆரம்பம்.

முதலாளிக்குப் பிடித்த வேஷத்தில் இன்டர்வியூவுக்குப் போகும் வித்தையும் அங்கே கற்றதுதான். என் மேனேஜர் பெரிய பக்திமான் என்று கேள்விப்பட்டு, நெற்றி நிறைய விபூதிப் பட்டையோடு போனேன். உள்ளே தென்கலைத் திருமண் துலங்க உட்கார்ந்திருந்தார். (வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை.)

2001 மார்ச் 22, வியாழக்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட்டின் கடைசி நாள். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் மார்ச் கடைசியில் லீவு கேட்பது, தாலி கட்டுகிற நேரத்தில் தும்முவது மாதிரி. “கடைவாய்ப் பல் பிடுங்கணும் சார்” என்று போன் பண்ணிவிட்டுப் போய்விட்டேன். 15 விக்கெட் எடுத்த ஹர்பஜனே கடைசி ரன்னையும் அடித்தார். இரண்டு விக்கெட்டில் ஜெயித்தோம். கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. பல் பிடுங்கியவனுக்குப் பொருத்தம்தான்.

மறுநாள் வலது கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு போனேன். மதியம் கேன்டீனில் சூடாக மசால்வடை. பஞ்சை எடுத்து டிபன்பாக்ஸ் மூடியில் வைத்துவிட்டு இரண்டு தின்றேன். திரும்பச் செருகியது இடது பக்கம். வவுச்சரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேனேஜர் ஒருமுறை நிமிர்ந்தார்.

“என்ன தம்பி, பல்லு ஷிஃப்ட் மாறிடுச்சா?”

ரஜினியாக இருந்தால் இன்னொரு தம்பியைப் பெற்றெடுத்திருப்பார். நாளெல்லாம் பற்று வரவு டேலி பண்ணுகிற எனக்கு, ஒரு பஞ்சு உருண்டையைச் சரியான பக்கத்தில் வரவு வைக்கத் தெரியவில்லை.

இப்போது அந்த நாற்காலியில் நான். ஒரு பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான்: “பல் பிடுங்கறேன் சார், இன்னிக்கு லீவு.” அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல். யாருக்குடா காது குத்துகிறாய் என்று, “வலது பக்கமா, இடது பக்கமா?” என்று கேட்டேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் செக்‌ஷன் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் காலை என் மேசையில், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கடைவாய்ப் பல், வேரோடு. எதிரே வீங்கிய கன்னத்தோடு நின்றிருந்த பையன், வாயைத் திறக்க முடியாமல், விரலால் இடது பக்கத்தைக் காட்டினான்.