ஒரு மார்க்குக்கு எத்தனை வரி?

எல்லா ஆடிட்டர் ஆபீஸிலும் ஒரு சீனியர் அண்ணன் இருப்பார். சி.ஏ. ஃபைனலில் ஒரு குரூப் பாக்கி. என்ன படிப்பது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு எழுதுவது என்றுதான் கேட்பார்கள்.

“மூணு மணி நேரம், நூறு மார்க். நாலு மார்க் கேள்விக்கு ஏழு நிமிஷம் பன்னிரண்டு விநாடி” என்பார். அந்தப் பன்னிரண்டு விநாடியில் பையன்கள் சொக்கிப்போவார்கள். 2024 மே முதல் பெரும்பாலான தாள்களில் 30 மார்க்கை அப்ஜெக்டிவ் ஆக்கியதும் அண்ணன் கால்குலேட்டரை மறுபடி எடுத்தார். “அதை அரை மணியில முடிச்சா, மிச்சத்துல மார்க்குக்கு இருபது விநாடி லாபம்டா.”

“நாலு மார்க் கேள்விக்கு சஜஸ்டட் ஆன்சர் ஒரு பக்கம் ஓடுதே அண்ணா?”

“அவங்க ஃபேன் காத்துல உட்கார்ந்து எழுதினது. நீ சட்டம் மூணு வரி, கேஸ் ரெண்டு வரி, முடிவு ஒரு வரி. போதும்.”

“ஆடிட்டிங் ஸ்டாண்டர்டோட எஸ்.ஏ. நம்பர் மறந்துட்டா?”

“தப்பா போடறதுக்குப் போடாமலே விடு. ‘ரெலவன்ட் ஸ்டாண்டர்ட்படி’ன்னு ஆரம்பி.”

இது நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. பரீட்சை ஹாலில் முதல் மணி முடியுமுன் எவனோ அடிஷனல் ஷீட் கேட்பான்; மற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். அண்ணன் மட்டும் அசையமாட்டார். “மார்ஜினைப் பெரிசா விடறவன்டா அவன்.”

வீட்டிலும் இதே அளவுகோல்தான். “எப்படா பாஸ் பண்ணுவே?” என்று மாமா கேட்டால், “அரை மார்க் கேள்வி, சாய்ஸ்ல விட்டுடலாம்” என்று சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

போன முறை ஆடிட் தாளில் 39. ஒவ்வொரு தாளிலும் 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தார். எல்லாப் பதிலும் அளந்து வைத்தாற்போல ஆறு வரி. ஒரு கேள்வியில் ஐந்தாவது வரியோடு நேரம் தீர்ந்திருக்கிறது; விடாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எழுதாமல் விட்ட வரி முடிவு.

“கணக்கு சரிதான், பேனாதான் ஸ்லோ” என்று புது பேனா வாங்கியிருக்கிறார்.

தம்பிகளே, நேரக் கணக்குக்கு அண்ணனைத் தாராளமாகக் கேளுங்கள். எஸ்.ஏ. நம்பரை மட்டும் புத்தகத்தைத் திறந்து படித்துவிடுங்கள்.