மூன்றாவது சக்கரத்தின் திருவிளையாடல்

சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் ஒருநாள் ஒரு வெள்ளைக்கார துரையின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மக்கர் செய்ததாகச் சொல்வார்கள். துரை மட்டும் அன்றைக்கு மாட்டுவண்டியில் வந்து தொலைத்திருந்தால், கோயமுத்தூர் இன்றைக்கும் பருத்தி விலையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும். வேடிக்கை பார்க்க நின்ற பையன்களில் ஒருவர், வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிக் கல்விக்கு விடைகொடுத்திருந்த ஜி.டி. நாயுடு.

வண்டி மனதில் ஏறிவிட்டது. கோயமுத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சுமார் மூன்று வருடம் இட்லி தூக்கிச் சேர்த்த முந்நூறு ரூபாயோடு துரை முன்னால் நின்று, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கினவன் ஓட்டுவதுதானே உலக வழக்கம்? நாயுடு அக்கக்காகக் கழற்றிப் போட்டார். அப்புறம் மாட்டினார். நட்டு, போல்ட்டு எதுவும் எச்சாக நின்றதாக வரலாற்றில் குறிப்பில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் விட்டார், அது யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. அன்றிலிருந்து இந்த ஊரில் ஒரு சாங்கியம்: வண்டி வாங்கினால் முதலில் எலுமிச்சம்பழம், அடுத்தது ஸ்பேனர்.

அந்தச் சாங்கியத்தின் முற்றிய நிலைதான், வீட்டு வாசலில் துருப்பிடித்து நிற்கிற பழைய ராஜ்தூத்தைப் பார்த்ததும் இதற்கு மூன்று சக்கரம் வைத்தால் என்ன என்று தோன்றுவது. ஆவாரம்பாளையத்து லேத் பட்டறையில் இந்தப் பேச்சு இப்படித்தான் ஓடும்:

"ஏனுங் மாமா, பின்னாடி இன்னொரு சக்கரம் எச்சா வெச்சுப்போட்டா என்னங்?"

"வெச்சுப்போடலாம் மாப்ள. திரும்புமான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க."

மாமா சொன்னது சத்தியம். உக்கடம் காயலான் கடையில் ஒரு இரும்பு ராடு வாங்கி, இரண்டு முனையிலும் சக்கரத்தை வெல்டிங் வைத்தால் அவினாசி ரோட்டில் நேராக ராஜா மாதிரிப் போகும். ஹோப் காலேஜ் வந்து திரும்பப் பார்த்தால், ஹாண்டில்பார் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். வளைவில் உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம், வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அதிக தூரம். இரண்டையும் ஒரே ராடில் பூட்டினால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தே ஆகவேண்டும்.

இந்த வம்பு 1877-லேயே வந்தாயிற்று. வந்த ஊர் இங்கிலாந்தில் கோவென்ட்ரி. ரட்ஜ் மோட்டார் சைக்கிள் தயாரானதும் அதே ஊரில்தான். நம்மைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று அழைத்தவர் நூலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்பது என் கட்சி. நமக்கு ஒன்றுவிட்ட பங்காளி கோவென்ட்ரிதான். பட்டு ரிப்பன் நெய்த ஊர் அது. 1860-ல் பிரான்சோடு செய்த வியாபார ஒப்பந்தத்தில் வெளிநாட்டுப் பட்டு மலிவாக வந்து இறங்க, தறி படுத்தது. ஊர் அழுதுவிட்டுத் தையல் மெஷின் செய்தது. அது போதாமல் சைக்கிள், அப்புறம் மோட்டார் வண்டி. பஞ்சாலையில் தொடங்கி, பம்பு செட், கிரைண்டர் என்று கிளை விட்ட நம்மூருக்கு இந்தக் கதை புதிதா என்ன?

அந்த ஊர் ஜேம்ஸ் ஸ்டார்லி, அப்பனும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிற வண்டி ஒன்று செய்தார். ஆளுக்கு ஒரு சக்கரம். மகன் வில்லியம் இளவட்டம், காலில் பலம். அவன் அழுத்த அழுத்த வண்டி அப்பா பக்கமாகவே வளைந்து, இருவரும் ரோட்டோரப் புதரில் விழுந்தார்களாம். நம்மூர் அப்பாவாக இருந்தால் மகனுக்கு முதுகில் ஒன்று வைத்திருப்பார். ஸ்டார்லி உட்கார்ந்து டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தை யோசித்தார்: இரண்டு சக்கரத்துக்கும் விசை போகும், ஆனால் அதனதன் வேகத்தில் அது சுற்றும். கூட்டுக்குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பிரான்சில் பெக்கர் 1828-லேயே நீராவி வண்டிக்கு இதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார் என்பது வேறு விஷயம். 1881-ல் விக்டோரியா மகாராணி ஸ்டார்லியின் மூன்று சக்கர சைக்கிள் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்தார். மகாராணி ஏறி மிதித்தாரா என்று யாரும் என்னைக் கேட்கவேண்டாம்.

1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய முதல் மோட்டார் காருக்கும் மூன்றே சக்கரம். காரணம் அழகு கிடையாது. முன்னால் இரண்டு சக்கரத்தை ஒழுங்காகத் திருப்புகிற வித்தை அவருக்குப் பிடிபடவில்லை. 1893-ல்தான் அது கைகூடி நாலு சக்கரத்துக்குப் போனார். அதே 1893-ல் கலங்கலில் நாயுடு பிறந்தார். ஜோசியக்காரர்கள் கவனிக்க.

நம் நாட்டில் இந்தத் திருப்பணியைப் பெரிய அளவில் நடத்தியது டெல்லி. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய ஹார்லி டேவிட்சனைப் பிடித்து, பின்பாதியை வெட்டி, பெஞ்சு போட்டு ஆளேற்றினார்கள். பெயர் பட்பட்டி. ஹிட்லரை விரட்டப் பிறந்த வண்டி, சாந்தினி சௌக்கில் சவாரிக்குக் கூவிக்கொண்டிருந்தது. 1998-ல் புகையைக் காரணம் காட்டி ஒழித்தார்கள். குஜராத்தில் புல்லட்டின் முன்பாதியையும் வண்டிப் பெட்டியையும் முடிச்சுப் போட்டுச் சக்கடா என்றார்கள். சென்னையில் மீன்பாடி வண்டிக்குப் பழைய எஞ்சினைக் கட்டி, போலீஸ்காரருக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள்.

நம் மாப்பிள்ளைக்கு வருவோம். டிஃபரன்ஷியல் வேண்டும் என்று தெரிந்ததும் பழைய ஆம்னி வேனின் பின் ஆக்சிலைத் தூக்கிவந்தார். அங்கே அடுத்த கண்டம். வேனில் விசை நீளவாட்டு ஷாஃப்டில் வரும்; பைக்கில் பக்கவாட்டுச் செயினில் வரும். கிரவுன் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் செயின் பல்சக்கரத்தை உட்காரவைத்தால் தீர்ந்தது. லேத்துக்காரருக்கு ஒரு மத்தியானப் பொழுது.

தீராதது உடம்புப் பழக்கம். இரண்டு சக்கரம் வளைவில் உள்பக்கம் சாயும். மூன்று சக்கரம் சாயாது, ஆளை வெளிப்பக்கம் தள்ளும். சாய்ந்தே பழகிய ஆள் தன்னையறியாமல் சாய்வார், வண்டி கண்டுகொள்ளாது. சிக்னலில் பழைய ஞாபகத்தில் காலை ஊன்றினால், பின்சக்கரம் சொந்தக் குதிகால் மேலேயே ஏறும். பைக்கில் ரிவர்ஸ் கியர் இல்லாததால் முட்டுச்சந்தில் மாட்டினால் பின்னால் தள்ள இரண்டு பேர் வேண்டும். அதற்குத்தான் மச்சான்கள்.

எல்லாம் முடிந்து மஞ்சள் குங்குமம் வைத்து வெளியே எடுத்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ரோட்டில் நிற்கும். ஆர்.சி. புக்கில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பைச் சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. ஜெர்மனியில் பென்ஸ் தப்பித்தது, அந்த ஊரில் அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் இல்லாததால்.

சட்டம் மனமிரங்கும் இடம் ஒன்று உண்டு: மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காக மாற்றி அமைக்கும் வண்டி. தமிழ்நாடு அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கொடுக்கிறது. அதில் பின்சக்கரம் பழையபடி தனியே இழுக்க, இருபக்கமும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் தம் பாட்டுக்கு உருள்கின்றன. டிஃபரன்ஷியலே தேவையில்லை. ஸ்டார்லி புதரில் விழுந்து கண்ட வித்தையை, விழாமலேயே ஒதுக்கிவிட்டார்கள். அதை மூன்று சக்கர வண்டி என்றுதான் ஊரே சொல்கிறது. எண்ணிப் பார்த்தால் நாலு.