10200: எண்ணியல் நோக்கில் ஓர் ஆராய்ச்சி

கணிதவியலர் ஹார்டி ஏறி வந்த டாக்சியின் எண் என்பதால் 1729 உலகப் புகழ் பெற்றது. பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் அஞ்சல் எண்ணான, அதாவது போஸ்கோட்டான, 10200-க்கு அந்த யோகம் இல்லை. கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தினமும் கண்ணில் பட்டும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. குவீன் ஸ்ட்ரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைப் பற்றி எழுதியோர் பலர். கோயிலின் போஸ்கோட்டைப் பற்றி எழுதினார் இலர். அக்குறை ஈண்டு நீக்கப்படுகிறது.

2 மூன்று தடவை, 3 ஒரு தடவை, 5 இரண்டு தடவை, 17 ஒரு தடவை: இவற்றைப் பெருக்க வருவதே 10200. இதற்குக் காரணிகள் 48. தன்னை நீக்கி மற்ற 47-ஐயும் கூட்டினால் 23,280. அதாவது, தன்னைவிட 13,080 கூடுதல். இத்தகையவற்றை மிகை எண்கள் என்பர்.

ஒப்பீட்டுக்குப் பக்கத்துப் பீச் ஸ்ட்ரீட்டை எடுத்துக்கொள்வோம். வங்கிகள் நிறைந்த அத்தெருவின் எண் 10300. அதுவும் மிகை எண்தான். ஆனால் காரணிகள் வெறும் 18, கூடுதல் 1,968. நகரத்தாரின் வட்டிக் கடைகளான கிட்டங்கிகள் இருந்த பினாங்கு ஸ்ட்ரீட்டோ 10200-க்குள் வருகிறது. எந்தத் தெருவில் முதல் வேகமாகப் பெருகியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வட்டிக் கடை முன்னால் வந்தது, போஸ்கோட் வெகு காலம் கழித்து வந்தது என்று ஆட்சேபிப்போர் உண்டு. ஆராய்ச்சியில் கால வரிசையை அவ்வளவு கறாராகப் பார்க்கக் கூடாது.

இனித்தான் முக்கியமான இடம். ஒன்றிலிருந்து ஐம்பது வரை கூட்டினால் 1275. அதை எட்டால் பெருக்கினால் மிகச் சரியாக 10200. இப்படி ஒன்று முதல் வரிசையாகக் கூட்டி வரும் எந்தத் தொகையையும் எட்டால் பெருக்கி ஒன்றைச் சேர்த்தால் ஒரு முழு வர்க்கம் கிடைக்கும் என்பது பழைய கணித உண்மை. ஆக 10201 என்பது 101-இன் வர்க்கம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் அதே எண். நூறு வெள்ளி மொய் வைக்கப் போகிறவர்கூட ஒரு வெள்ளி சேர்த்து 101 ஆக்கித்தான் உறையை ஒட்டுவார். போஸ்கோட் வகுத்தவர் இவ்வழக்கத்தை அறியாதவர் என்பது தெளிவு. அந்த ஒன்றைச் சேர்த்திருந்தால் லிட்டில் இந்தியாவுக்கு நூற்றொன்று வெள்ளி, நூற்றொன்று முறை மொய்யாக வந்திருக்கும். ஆனால் 10201-க்குக் காரணிகள் மூன்றே மூன்று. 48-ஐ இழந்து மங்கலம் தேவையா என்பதில் ஆய்வாளருக்கே இரு மனம்.

ஒரு புதிர் மட்டும் அவிழவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. 10200-இல் ஏறிய முருகன் இறங்கும் இடத்தின் எண் 10350. எண் 150 கூடியிருக்கிறது. காரணிகளோ 36 ஆகக் குறைந்துவிட்டன. மீதிப் பன்னிரண்டு வழியில் எங்கே விழுந்தன என்று நேரில் தேடப் போனால், சீனரும் தமிழரும் போட்டி போட்டு உடைத்த தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவில் கால் வைக்கவே இடமில்லை.