பேரு வெட்டுன அண்டா

ஏங் கண்ணு, நேத்தெல்லாம் ஆளையே காணோம்? கோயமுத்தூரு அவினாசி ரோட்டுல குளுகுளு ஓட்டல்ல என்னமோ பயிற்சின்னாங்க. தகவல் பாதுகாப்புச் சட்டமாமா? கம்பெனியே காசு கட்டி அனுப்புச்சா? நல்லது. மத்தியானம் பிரியாணி போட்டாங்களா? அதைவிட நல்லது. செரி, என்ன படிச்சேன்னு கேட்டா மட்டும் ஏஞ்சாமி மோட்டைப் பாக்கறே?

உக்காரு. கெழவன் சொல்றேன். எனக்கு ஸ்லைடு போடத் தெரியாது. கடைசியில சர்டிபிகேட்டும் கெடைக்காது. வேணும்னா மோரு தாரேன்.

மொத ஸ்லைடே 250 கோடி அபராதம்னுதானே போட்டான்? பயந்தவந்தானே பணங்கட்டுவான்? உங்க முதலாளி கம்பெனியை மிசினோட வித்தாலும் அவ்வளவு தேறாது. அது உச்சவரம்பு கண்ணு. பாதுகாப்பு ஏற்பாடே பண்ணாம விட்டவனுக்கு அதுவரைக்கும் போடலாம்னு இருக்குது. தப்பு எவ்வளவு பெருசு, எத்தனை நாளு நடந்துச்சு, தெரிஞ்சதும் சரி பண்ணப் பாத்தானா, இதையெல்லாம் எடை போட்டுத்தான் இந்தச் சட்டத்துக்குன்னு இருக்கற போர்டு முடிவு பண்ணோணும். அதை எத்தனாவது ஸ்லைடுல போட்டான்? போடவே இல்லியா? அதானே!

அப்புறம், 'டிபிஓ'ன்னு ஒரு ஆபீசரைச் சம்பளத்துக்கு வெக்கோணும்னு சொன்னானா? அதுக்கு ஆளும் அவனே தாரேன்னானா? கேக்கறவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான். மத்திய சர்க்கார் பாத்து, இவன் பெரிய கைன்னு தனியா அறிவிச்ச கம்பெனிக்குத்தான் அந்த ஆபீசரு கட்டாயம். நாப்பது மிசின் போட்டுப் பனியன் தெக்கறவனுக்கு எதுக்கு? என்ற விவரத்தை என்ன பண்றீங்கன்னு எவனாச்சும் கேட்டா, பதில் சொல்ல ஒரு ஆளு இருக்கோணும். அந்த ஆளை எப்புடிப் புடிக்கறதுன்னு வெளிய தெரியோணும். அவ்வளவுதான். ஆளாளுக்குச் சர்டிபிகேட் வாங்கிச் செவுத்துல மாட்டோணும்னு சட்டத்துல ஒரு வரி கெடையாது.

இந்தச் சட்டத்துக்கு வழி போட்டது யாருன்னாவது சொன்னானா? என்னையாட்டம் ஒரு கெழவன்தான். கே.எஸ். புட்டசாமின்னு, கர்நாடகா ஐகோர்ட்டுல ஜட்ஜா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஆதாரை எதிர்த்து 2012-ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனப்போ அவருக்கு 86 வயசு. நாமெல்லாம் அந்த வயசுல மூட்டுக்கு எண்ணெய் தேச்சுட்டு உக்காந்திருப்போம். 2017 ஆகஸ்டு 24-ந்தேதி ஒம்பது ஜட்ஜுக ஒருத்தர் பாக்கியில்லாம, அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்னு தீர்ப்பு எழுதுனாங்க. அதுக்கப்புறம் சட்டம் வர 2023 ஆகஸ்டு ஆச்சு. விதி எழுத 2025 நவம்பர் ஆச்சு. முக்காவாசி விதிக்கு 18 மாசம் தவணை, 2027 மே வரைக்கும். சர்க்கார் வண்டி மெதுவாத்தான் வரும். பயிற்சிக்காரன் மட்டும் முந்தியே வந்து எடத்தைப் புடிச்சுட்டான்.

செரி, சட்டத்துக்கு வாரேன். உங்கப்பாரு கண்ணாலத்துக்கு மேக்கால ஊட்ல பித்தளை அண்டா இரவல் வாங்குனோம். அது யாரு ஊட்டு அண்டான்னு கழுத்துலயே பேரு வெட்டியிருக்கும். இன்னொருத்தன் விவரமும் அதே மாதிரிதான். உன்ற கம்ப்யூட்டர்ல இருக்கறதுனால அது உன்னுது ஆயிராது.

அண்டா கேக்கப் போனா என்ன பண்ணுவே? எதுக்கு வேணும்னு மொதல்ல சொல்லுவே. சட்டமும் அதைத்தான் சொல்லுது: என்ன விவரம் எடுக்கறே, எதுக்கு எடுக்கறே, வெளங்கற பாசையில சொல்லிட்டுக் கேளு. இங்கிலீசு இல்லாட்டி அரசியல் சட்ட அட்டவணையில இருக்கற 22 பாசையில அவனுக்கு எது வேணுமோ அதுல. நம்ம தமிழும் அதுல உண்டு. உங்க ஆளுக பாஞ்சு பக்கம் இங்கிலீசுல அடிச்சு, கீழ 'ஒத்துக்கிறேன்'னு ஒரு பொத்தானை வெச்சா, எவன் படிப்பான்? படிக்கக் கூடாதுன்னுதானே அப்புடி அடிச்சீங்க?

அண்டா கேக்கப் போனவன் அப்புடியே பீரோச் சாவியும் குடுங்கன்னு கேப்பானா? போன்ல டாக்டரைப் பாக்கற ஆப்பு, உன்ற போன்ல இருக்கற அத்தனை பேரு நம்பரையும் கேட்டா அப்புடித்தான். இந்த உதாரணத்தைச் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்கறாங்க. நீ செரின்னு அமுக்கிட்டாலும், வைத்தியத்துக்கு வேண்டாத அந்த நம்பருகளுக்கு உன்ற சம்மதம் செல்லாது. துணிக்கடையில ஜட்டி வாங்கப் போனாக்கூட போன் நம்பர் கேக்கறான். ஜட்டி சரியில்லைன்னா நானே வந்து சொல்லுவேன், நீ எதுக்குடா கூப்படறே? நம்பருக்காக யாரையும் வற்புறுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை கடைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. எத்தனை கவுண்டர்ல கேட்டாங்க?

சோறாக்கன்னு வாங்குன அண்டாவுல சாயங்காச்சக் கூடாது. சமையக்காரங்கிட்டக் குடுத்து அவன் நெளிச்சாலும், வாங்குனவன் நீதான் பதில் சொல்லோணும். சம்பளக் கணக்கை வெளிய ஒருத்தங்கிட்ட விட்டுட்டு, போனது அவங்கிட்ட இருந்துங்கன்னு நழுவ முடியாது. நெளிஞ்சா மறைக்காம உடனே போய்ச் சொல்லோணும். சொந்தக்காரனுக்கும் சொல்லோணும், போர்டுக்கும் சொல்லோணும். வெவரமான அறிக்கையை 72 மணி நேரத்துக்குள்ள போர்டுக்கு அனுப்போணும். மறைச்சா, அதுக்குத் தனியா 200 கோடி வரைக்கும் இருக்குது. வேலை முடிஞ்சுதா? கழுவித் திருப்பிக் குடுத்துரு. வெச்சிருக்கோணும்னு வேற சட்டமோ விதியோ சொல்லாட்டி, சட்டம் அழிங்குது. குடுத்த சம்மதத்தை வாபஸ் கேட்டா, குடுத்தது எவ்வளவு சுளுவோ அவ்வளவு சுளுவா வாங்கிக்க விடோணும். சேரறதுக்கு ஒரு தட்டு, வெளிய வாரதுக்கு ஏழு பக்கம்னு வெச்சா ஆகாது.

இவ்வளவுதான் கண்ணு. இதுக்கா ஓட்டல்ல ரூமு போட்டீங்க?

நாளைக்குக் கம்பெனிக்குப் போனதும் சித்தெ சுத்திப் பாரு. கேட்டுல வாட்ச்மேன் வாரவன் போறவன் போட்டோவெல்லாம் தன் சொந்தப் போன்ல புடிச்சு வெச்சிருப்பான். சம்பளப் பட்டியலு எக்செல்ல, எக்செல்லு வாட்ஸப் குரூப்புல, குரூப்புல போன வருசம் வேலையை விட்டவனும் இருப்பான். பாஸ்வேர்டு மானிட்டர்லயே ஒட்டியிருக்கும். பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டீங்களே, உள்ள இருந்ததை அழிச்சீங்களா? நீங்க பெரிய ஆபீசருகளுக்கு மட்டும் இங்கிலீசுல பாடம் எடுக்கறீங்க. ஓட்டை கேட்டுல இருக்குது. அந்த வாட்ச்மேனுக்கும், ஜெராக்ஸ் எடுக்கற புள்ளைக்கும், ஹெச்.ஆர். ரூமு பையனுக்கும் ஒரு மணி நேரம் தமிழ்ல எடுத்துச் சொன்னா ஆகாதா? அவங்க வந்தா பிரியாணிச் செலவு கூடிப் போயிருமா?

ஒரிசாவுல இருந்து ஒரு பையன் தைக்க வாரான். ஆதாரு, பாஸ்புக்கு, கை ரேகை, எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கறீங்க. வேலைக்கு வேண்டிய விவரத்துக்குத் தனியா சம்மதம் கேக்க வேண்டியதில்லைன்னு சட்டம் முதலாளிக்குச் சலுகை குடுத்திருக்குது. செரி. அதுக்காக அந்த ஆதாரை எடுத்து சிம் விக்கறவன் கையில குடுக்கலாமா? அது எந்த வேலையில சேரும்? பாசை தெரியாத புள்ளை, கேக்க மாட்டான்னுதானே தைரியம்?

ஒரு ரகசியம் சொல்றேன். என்ற மொய் நோட்டுக்கு இந்தச் சட்டமே வராது. பேப்பர்ல எழுதி ஊட்ல வெச்சிருக்கறது. அதை ஸ்கேன் பண்ணிக் கம்பெனி கம்ப்யூட்டர்ல ஏத்துனாத்தான் வம்பு. ஆனாலும் பொட்டியில பூட்டித்தான் வெச்சிருக்கேன். எந்த மாமன் எவ்வளவு வெச்சான்னு வெளிய தெரிஞ்சா அடுத்த சீருல அடிதடி ஆயிரும். இதை எனக்கு எந்த ஆபீசரு சொல்லிக் குடுத்தான்?

கடைசியா ஒண்ணு. அந்தப் பயிற்சிக்குப் பேரு குடுக்கறப்ப என்னென்ன கேட்டான்? பேரு, போனு, மெயிலு. செரி. பொறந்த தேதி எதுக்கு? கேக்கு வெட்டவா? ஊட்டு விலாசம் எதுக்கு? ஒறம்பரைக்கு வரப்போறானா? அடியில, 'எங்க கூட்டாளிக உங்களைக் கூப்படலாம்'னு அவனே டிக்குப் போட்டு வெச்சிருந்தானா? பாக்கவே இல்லியா? வெளங்கிரும் போ. லோனு வேணுமா, லோனு வேணுமான்னு காத்தால இருந்து உன்ற போனு கத்தறது அதுனாலதான். சம்மதம்னா ஆளு தானா முன்வந்து குடுக்கோணும். அவனே போட்டு வெச்ச டிக்கு எப்புடிடா உன்ற சம்மதம் ஆகும்?

இப்பவே அவனுக்கு ஒரு மெயிலு போடு. என்ற விவரம் என்னென்ன வெச்சிருக்கீங்க, யாரு யாருக்குக் குடுத்தீங்க, பாடம் முடிஞ்சுது, அழிச்சிருங்கன்னு எழுது. அழிச்சுட்டுப் பதில் போட்டான்னா அவன் வாத்தியாருதான், கட்டுன பணத்துக்கு மோசமில்லை. 'அதெல்லாம் கட்டாயம் ஆகறதுக்கு இன்னும் தவணை இருக்குதுங்க சார்'னு இழுத்தான்னு வெய்யி, அடுத்த வகுப்பை நீ எடு. பீசை மட்டும் முன்கூட்டியே வாங்கிப்போடு.