கடைசி அடி முதலில்

அம்பாசடர் காரின் மட்கார்டை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே பிடிபடும். பக்கெட்டில் ஊறிய பேப்பரை எடுத்து, சோப்பைத் தொட்டுக்கொண்டு தேய்க்கத் தேய்க்க, மேலே இருக்கும் வெள்ளை கரைந்து அடியில் ஒரு நீலம் தலைகாட்டும். அதற்கும் அடியில் வண்டி டாக்சியாக ஓடிய காலத்துக் கறுப்பு. அதற்கும் கீழே பிரைமரின் செம்மண் நிறம். கடைசியில் வெறும் தகரம். ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளையங்கள். எத்தனை முதலாளிகளைப் பார்த்த வண்டி, எந்த மூலையில் எப்போது அடிபட்டது என்பதெல்லாம் அந்த ஒரு சாண் இடத்தில் தெரிந்துவிடும். விரல் நுனி தேய்ந்து ரேகை அழிந்துபோயிருக்கும், ஆனாலும் அடுத்த நிறம் என்னவாக இருக்கும் என்று பக்கத்துப் பையனோடு பந்தயம் கட்டிக்கொண்டே தேய்ப்போம். டீயும் பட்டர் பன்னும்தான் பந்தயப் பொருள்.

எழுபதுகளின் கடைசியில் ராயப்பேட்டைப் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறையில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். தொழில் பழகுநர் சட்டம் என்று ஒன்று 1961-லேயே வந்திருந்தது. எங்கள் தகரக்கொட்டகையில் அதைக் கேள்விப்பட்டவர் யாருமில்லை. மேஸ்திரி சொன்னால் சட்டம், சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுப்பது கூலி. வந்த வண்டிகள் பெரும்பாலும் அம்பாசடரும் ஃபியட்டும்தான். நடுநடுவே இங்கேயே சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று வரும். அதன் பானெட் இரண்டு மட்கார்டுகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகத் திறக்கும் அழகைப் பார்க்க, பக்கத்துக் கடைப் பையன்களெல்லாம் கூடிவிடுவார்கள்.

காலையில் முதல் வேலை கார்பைடு டேங்கைக் கழுவுவது. தண்ணீரில் கல்லைப் போட்டதும் குபுகுபுவென்று வாயு கிளம்பும், தெரு முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். வெல்டிங் முடிந்தபின் டேங்கின் அடியில் தங்கும் வெள்ளைச் சேற்றுக்கு ஏக கிராக்கி. பொங்கல் நெருங்கிவிட்டால் சுவருக்கு அடிக்க அது வேண்டுமென்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பக்கெட்டோடு வந்து நிற்பார்கள். அந்தத் தெருவின் பாதி வீடுகள் எங்கள் கார்பைடு சுண்ணாம்பில்தான் பளிச்சென்று இருந்தன.

மேஸ்திரியிடம் கற்றதில் என் மனதில் இன்றைக்கும் முதலிடத்தில் நிற்பது ஒரே பாடம். எதிரே வந்த லாரி முதலில் பம்பரை இடித்திருக்கும். அந்த அடி மட்கார்டுக்குள் ஓடி, கதவின் ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பாக முடிந்திருக்கும். புதிதாக வந்தவன் கண்ணுக்குப் பெரிய பள்ளம்தான் தெரியும், சுத்தியலை எடுத்துக்கொண்டு அதன் நடுவுக்கே போவான். மேஸ்திரி கதவோரத்து மடிப்பில் ஆரம்பிப்பார். "கடைசியா வாங்குனதத்தாண்டா தகரம் முதல்ல திருப்பித் தரும்" என்பார். மடிந்த இடத்தில் தகரம் இறுகிப்போயிருக்கும், பள்ளத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த இறுக்கம்தான். உள்ளே டோலி என்ற இரும்புக் கட்டையை அண்டக்கொடுத்து, வெளியே மடிப்பின் முகட்டை மெல்ல மெல்லத் தட்டி அதை விடுவித்துவிட்டால், ஆழமாகத் தெரிந்த பள்ளம் தானாகவே 'டொப்'பென்று முக்கால்வாசி வெளியே வந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாருக்கும் மறக்காது. வண்டியின் சொந்தக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் அவரும் சேர்ந்து மூச்சு விடுவார்.

அளவுக்கு மீறி அடிவாங்கி நீண்டுவிட்ட தகரம் வேறு ரகம். அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும், டப்பாமூடிபோல டப்புடப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு நெருப்பு வைத்தியம். டார்ச்சால் ஒரு காலணா அகலத்துக்குச் சிவக்கக் காய்ச்சி, டோலி வைத்துச் சுற்றிலும் தட்டி, உடனே ஈரத்துணியை ஒற்ற வேண்டும். சுர்ரென்று ஆவி எழும், தகரம் சுருங்கிக்கொள்ளும். எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. அதைக் கை சொல்லும். உள்ளங்கைக்கு அடியில் பனியன் வேஸ்ட்டைப் பரப்பி, கண்ணை மூடி, நீளவாக்கில் தடவிக்கொண்டு போனால் கண்ணுக்குத் தப்பிய மேடுபள்ளமெல்லாம் கையில் வந்து நிற்கும். வெறுங்கையைவிடத் துணிக்கு மேலிருக்கும் கைதான் நுட்பமாகச் சொல்லும். நம்பாதவர்கள் தங்கள் வண்டியிலேயே தடவிப் பார்க்கலாம்.

பெயிண்ட் வேலைக்கு அப்போது பஞ்சாங்கம் பார்க்க வேண்டியிருந்தது. ஆடிக் காற்றில் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்க முடியாது, தெருவின் மண்ணெல்லாம் பானெட்டில் வந்து உட்காரும். ஐப்பசி ஈரத்தில் அடித்தால் டக்கோ பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துப்போகும். அதனால் நல்ல நாளாகப் பார்த்து, விடியும்முன் வாசலில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அடித்து முடிப்போம். நிறம் சேர்ப்பதும் மேஸ்திரியின் கண்தான். ஒரு தகரத் துண்டில் தொட்டுவைத்து, வெயிலில் காயவிட்டு, வண்டிமேல் ஒட்டிப் பார்த்து, ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று மாலைவரை போகும். எல்லாம் முடிந்ததும் கதவு சத்தம் போடுகிறதா என்று கேட்பதற்காக மெரினாவரை ஒரு ஓட்டம். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கடற்காற்று முகத்தில் அடிக்க, கதவின் மேல் காதை வைத்துக்கொண்டு போனது சம்பளத்தில் சேராத சம்பளம்.

1983-ல் மாருதி 800 வந்தபோது அதன் கதவைத் தட்டிப் பார்த்து, இது என்ன தகரம் என்று பட்டறையே பேசியது. அன்று தொடங்கிய மாற்றம் இன்று எங்கேயோ போய்விட்டது. அம்பாசடர் உற்பத்தியும் 2014-ல் நின்றது. இன்றைய காரின் முன்பக்கம் நசுங்குவதற்கென்றே கட்டப்படுகிறது. இடியின் வேகத்தை அது வாங்கிக்கொண்டால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார். நடுவில் நிற்கும் பி-பில்லர் அதிவலு எஃகு. அதை டார்ச்சால் காய்ச்சினால் வலுவே போய்விடும், கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டி மாற்ற வேண்டியதுதான். இதில் எனக்கு வருத்தமே இல்லை. வண்டி பிழைத்து ஆள் போன விபத்துகளை அந்தக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்பு மோதி வளைந்த ஸ்டியரிங்கை நிமிர்த்தக் கொண்டுவருவார்கள், அதைத் தொடவே கை கூசும். 2023-ல் நம் நாட்டிலேயே கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் வந்ததை நான் மனதார வரவேற்றேன்.

பையன்களின் நிலையும் தேவலை. ஐ.டி.ஐ.யில் ஆட்டோ பாடி ரிப்பேருக்கென்றே ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, சான்றிதழ் கிடைக்கிறது. பெயிண்ட் பூத்துக்குள் அறுபது டிகிரி சூட்டில் வேலை காய்கிறது, அங்கே ஆடியும் இல்லை, ஐப்பசியும் இல்லை. அடிக்கிறவன் முகத்தில் முறையான மாஸ்க். நாங்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தின்னரையும் பெயிண்டையும் சுவாசித்தவர்கள். என் மேஸ்திரிக்குக் கடைசி வருடங்களில் மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. அந்தக் காலம்தான் பொற்காலம் என்று எவராவது சொன்னால் அந்த மூச்சிரைப்புதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து தட்டி எடுக்க யாருக்கும் நேரமில்லாமல் போய்விட்டது. கைத்திறன் உள்ளவன் ஒரு காலைப்பொழுதில் எடுத்துவிடக்கூடிய ஒடுக்குக்குப் புதுக் கதவு எழுதப்படுகிறது. சர்வேயர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், இன்சூரன்ஸ் கொடுத்துவிடுகிறது, பழைய கதவு குப்பைக்குப் போகிறது. கழற்றி மாட்டும் கதவுக்காவது இது பரவாயில்லை. பின்பக்கத்து குவார்ட்டர் பேனலைப் போல உடலோடு வெல்டு ஆன பாகத்தை வெட்டி மாற்றும்போது, தொழிற்சாலையில் விழுந்த வெல்டும் துருத்தடுப்புப் பூச்சும் சேர்ந்தே போகின்றன. அவற்றை முதலில் இருந்தபடி மறுபடியும் கொண்டுவருவது லேசான காரியமல்ல. தட்டி எடுக்கக்கூடியதைத் தட்டி எடுப்பதுதான் அங்கே வண்டிக்கு நல்லது. சுத்தியலும் டோலியும் பழைய ஆட்களின் ஆசைக்காக இருக்க வேண்டியவை அல்ல, இன்றைய வண்டிக்கும் தேவை.

அதனால்தான் என்னிடம் தொழில் பழக வரும் பையன்களை முதல் சில மாதங்களுக்குப் பள்ளத்தைப் பூசி மறைக்கும் பட்டி டப்பாவைத் திறக்க விடுவதில்லை. புதுப்பேட்டையில் கழித்துப்போட்ட கதவுகளை எடைக்கு வாங்கிவந்து, அடி எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். "அண்ணே, இங்க பாருங்க" என்று ஒருவன் எல்.ஈ.டி. விளக்குப் பலகையைக் கதவின் முன் பிடிக்கிறான். தகரத்தில் விழும் ஒளிக்கோடுகள் ஓரிடத்தில் நெளிந்து பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. என் உள்ளங்கை அதற்கு விரற்கடை தள்ளி வேறோர் இடத்தைச் சொல்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, துணியை உதறிப் போட்டு மறுபடியும் தடவி, இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும்வரை சுத்தியலை நாங்கள் தொடுவதில்லை.