புல்லியல்: யாழ்ப்பாண முற்றங்கள் குறித்த ஓர் ஆய்வு

புல்தரை என்பது மாட்டுக்குரிய தீனை மாடு புகாத இடத்தில் வளர்த்து, மனிதரே வெட்டி எறியும் முறையாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது அண்மைக்காலப் பழக்கம். மரபான முற்றத்தில் புல்லுக்கு இடமில்லை. விடியற்காலையில் ஈர்க்கு விளக்குமாறு கீறிச்செல்லும் அரைவட்டக் கோடுகளே அதன் அலங்காரம். தப்பி முளைத்ததை உழவாரத்தால் செருக்குவார்கள். புல் மண்டிய முற்றத்தைக் கண்டால் வீட்டில் ஆளில்லை என்றே ஊர் முடிவுசெய்யும். வெறுந்தரையில் பாம்பு ஊர்ந்தால் கண்ணில் படும் என்பதும் இக்கொள்கைக்குப் பக்கபலம்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் கொள்கையை மாற்றினர். வேலி மதிலானது, படலை இரும்புக் கேற்றானது. முற்றமும் பச்சையாக வேண்டியதாயிற்று.

முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் சதுரம் சதுரமாக விலைக்கு வரும் ‘மலேசியப் புல்’. அகன்ற இலை, கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அது அமிலத்தன்மையுள்ள மண்ணையும் ஓயாத ஈரத்தையும் விரும்பும் இனம். குடாநாட்டின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புப் பாறை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை பாறையிடுக்குகளில் இறங்கித்தான் கிணறுகள் ஊறுகின்றன. ஒரு பரப்பு, அதாவது 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். கோடையில் அதற்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் என்றாலும் 1,265 லீற்றர் இறைக்க வேண்டும். கரையோர ஊர்களில் இறைப்பு மிஞ்சினால் கிணறு உவர்க்கும். சோழகம் வீசுகையில் புல் வைக்கோலாகும்; வீட்டுக்காரர் அதற்குள் ரொறன்ரோ திரும்பியிருப்பார்.

மனிலாப் புல் உப்பைத் தாங்கும், மெத்தென்றும் இருக்கும். பரவுவதில் மட்டும் அவசரமே கிடையாது.

மூன்றாவது இனம் வெப்ப நாடுகளின் விளையாட்டுத் திடல்களையும் கோல்ஃப் திடல்களையும் ஆளும் ‘பெர்முடா புல்’. 1960இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டிஃப்டனிலிருந்து வெளிவந்த ‘டிஃப்வே 419’ இதன் கலப்பினம். வெயில், வரட்சி, உப்பு, மிதி எல்லாவற்றையும் பொறுக்கும். தாவரவியற் பெயர் சைனோடன் டாக்டிலோன். தமிழ்ப் பெயர் அறுகு. ஆச்சி செருக்கி வேலியோரம் வீசியதும், கலியாணத்தில் மாப்பிள்ளையின் தலையில் பாலோடு வைப்பதும், சாணகப் பிள்ளையாரின் உச்சியில் குத்துவதும் இதுவே. ஆகவே மேற்படி இனத்தை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பக்கத்து வளவில் கேட்டால் கடகம் நிறையத் தருவார்கள்; நன்றியும் சொல்வார்கள்.

நடுகைக்குக் காலம் புரட்டாசிக் கடைசி. மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திக் கோரைக்கிழங்கை ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அடுத்த மாரியில் முற்றம் அதனுடையது. எருவிட்டுச் சமப்படுத்தி, கணுவுள்ள தண்டுகளை 15 சென்ரிமீற்றர் இடைவெளியில், கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாக ஊன்ற வேண்டும். மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். மாமர நிழலில் அறுகு நிற்காது. அங்கே மணலே தரம். தைப்பொங்கலுக்கு அடுப்பு மூட்டிக் கோலம் போட ஒரு பாயளவு வெறுந்தரையும் ஒதுக்க வேண்டும்.

உழவாரத்தை எறிந்துவிட வேண்டாம். அறுகு வாழைப் பாத்திக்குள் இறங்க அதிக நாள் எடுக்காது.